எரிந்துபோன பெயர் ஜாபிதா

பேரன் என்னும் சொல்லின் மூல உருவம் ‘பெயரன்’ என்பதை நேயர்கள் அறிவார்கள். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் எவனோ அவனே பெயரன். இவ்வழக்கம் நமக்கே உரியதென்று நம்மில் பலர் எண்ணியிருக்கலாம். ஸ்காட்லாந்து தேசத்திலும் இது பல தலைமுறைகளாக நிலவி வந்ததாகும். மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்றவர் பெயர்; இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர்; மூன்றாமவனுக்கே தந்தையின் பெயர். ஆகவே அந்நாட்டில் ஒருவர், யுத்தத்துக்குப் போன தம் முன்னோர் ஒருவரின் சரித்திரத்தைப் பழைய ஏடுகளில் தேடப் புகும்போது, பல சமயங்களில் தம்முடைய பெயரையே தேடிக்கொண்டு போகிறார்.

இத்தகைய தேட்டங்களில் மிகவும் கடினமான ஒன்றை இன்று நேயர்கள் முன் வைக்கிறோம். அந்நிய நாட்டான் ஒருவன் தன் கொள்ளுப்பாட்டனைத் தேடுவதில் தமிழ்ப் பத்திரிகைக்கு என்ன அக்கறை என்று கேட்பவர்கள், தயவு செய்து கடைசி வரை நம்முடன் வருவார்களாக.

எடின்பரோ நகரை ஒட்டிய துறைமுகம் லீத். கப்பல் பட்டறையிலும், கிடங்கிலும், தச்சுச் சாலையிலும் பிழைத்த ஜனங்களின் ஊர். 1914ல் முதலாவது உலக மகாயுத்தம் மூண்டபோது இவ்வூருக்கென்று ஒரு பட்டாலியன் இருந்தது. ராயல் ஸ்காட்ஸ் ரெஜிமெண்டின் 7வது பட்டாலியன் என்பது அதன் பெயர். ராயல் ஸ்காட்ஸ் 1633ல் திரட்டப்பட்டது. பிரிட்டிஷ் காலாட்படையில் முதலாம் எண் அதற்கே. அதன் தொன்மையைக் கேலி செய்து ‘பொந்தியு பிலாத்துவின் மெய்க்காப்பாளர்கள்’ என்று மற்றப் பட்டாளத்தார் பட்டப்பெயர் வைத்திருந்தனர். நம் தேசத்துக்கும் அது புதியதன்று. 1817ல் ஹோல்கருடன் நடந்த மகித்பூர் யுத்தத்தில் அதன் ஒரு பட்டாலியன் போரிட்டது. நாகபுரி, மகித்பூர் என்னும் பெயர்களை அது தன் கொடியில் விருதாகப் பொறித்துக்கொண்டது. 1914 முதல் 1918 வரையிலான யுத்தத்தில் இந்த ஒரு ரெஜிமெண்டு மட்டும் 35 பட்டாலியன்களைத் திரட்டிற்று. 11,000க்கு மேற்பட்டவர்களை இழந்தது. 2006ல் மற்ற ஸ்காட்லாந்து ரெஜிமெண்டுகளோடு சேர்த்து ஒன்றாக்கப்பட்டபோது அதன் தனிப் பெயரும் மறைந்தது.

7வது பட்டாலியன் டெரிடோரியல் வகையைச் சேர்ந்தது. அதாவது சம்பளத்துக்கு முழுநேரம் சேவிக்கும் படையன்று. பகலில் தொழில் செய்து, ஓய்வு நேரத்தில் உள்ளூர்க் கவாத்துக் கூடத்தில் ஆயுதப் பயிற்சி பெறும் தொண்டர்களின் படை. அண்ணனும் தம்பியும், எதிர் வீட்டுக்காரனும், ஒரே பட்டறையில் வேலை செய்பவனும் ஒரே வரிசையில் நிற்கும் படை. அப்படிப்பட்ட படைக்கு ஓர் இடி விழுந்தால் அது ஒரு தெருவின் மீதே விழுந்ததாகும்.

இடி விழுந்தது 1915ஆம் வருஷம் மே மாதம் 22ந் தேதி, சனிக்கிழமை காலை. பட்டாலியனில் பாதிப் பேர், சுமார் 500 சிப்பாய்கள், லார்பர்ட் என்னும் ஊரிலிருந்து லிவர்பூலுக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தனர். அங்கே கப்பலேறித் துருக்கியின் கலிபோலிக் கரைக்குப் போகவேண்டுமென்பது உத்தரவு. இங்கிலாந்தின் எல்லைக்குச் சற்று இப்பால், கிரெட்னாவுக்கு அருகே குயின்டின்ஸ்ஹில் என்று ஒரு கைகாட்டி நிலையம். ஸ்டேஷன்கூட அன்று, இரண்டு பிரதானத் தண்டவாளங்களும், இருபுறமும் ஒதுங்கு பாதைகளும், ஒரு சிக்னல் அறையுமே அங்கு இருந்தவை.

அவ்வறையில் இரவு முறைக்காரர் ஜார்ஜ் மீக்கின். காலை முறைக்காரர் ஜேம்ஸ் டின்ஸ்லி. காலை 6 மணிக்கு டின்ஸ்லி பொறுப்பேற்க வேண்டும். ஆனால் இருவரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தனர். கார்லைலிலிருந்து வரும் உள்ளூர் ரயில் குயின்டின்ஸ்ஹில்லில் நிறுத்தப்படும் நாட்களில், டின்ஸ்லி நடந்து வராமல் அதிலேயே ஏறி 6:30 மணிக்கு வருவார். மேலதிகாரிக்குத் தெரியாதிருக்க, 6 மணிக்குப் பிறகு ரிஜிஸ்டரில் எழுதவேண்டியவற்றை மீக்கின் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைப்பார். டின்ஸ்லி வந்ததும் தம் கையெழுத்தில் ரிஜிஸ்டரில் பெயர்த்தெழுதுவார். கணக்குப் புத்தகம் சுத்தமாயிருக்கும்.

அன்று ஒதுங்கு பாதைகள் இரண்டிலும் வண்டிகள் நின்றன. பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிடுவதற்காக, டின்ஸ்லி வந்த அதே உள்ளூர் ரயிலை எதிர்த் தண்டவாளத்தில் தள்ளி நிறுத்தினர். தண்டவாளத்தில் வண்டி நிற்பதை நினைவூட்டக் கைப்பிடியில் மாட்டவேண்டிய இரும்பு வளையத்தை மாட்டவில்லை. டின்ஸ்லி குனிந்து ரிஜிஸ்டரைப் பெயர்த்தெழுதிக்கொண்டிருந்தார். தாம் ஏறி வந்த ரயில் ஜன்னலுக்கு வெளியே, கண்ணெதிரே நிற்பதை மறந்தார். பட்டாளத்து ரயிலுக்கு வழி திறந்துவிட்டார். சுமார் 6:50 மணிக்கு அது முழு வேகத்தில் வந்து மோதிற்று. சுமார் ஒரு நிமிஷத்தில், எதிர்த் திசையிலிருந்து எக்ஸ்பிரஸ் வந்து, தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தவர்கள் மீதும் வண்டிகள் மீதும் பாய்ந்தது.

213 கெஜ நீளமிருந்த பட்டாளத்து ரயில் 67 கெஜமாக நசுங்கிற்று. அதன் பெட்டிகளில் பெரும்பாலானவை பழைய மரப்பெட்டிகள். அவற்றின் விளக்குகள் அடியில் தொட்டியில் அடைத்த வாயுவால் எரிபவை. தொட்டிகள் அன்று நிரம்பியிருந்தன. பற்றிய தீ மறுநாட் காலை வரை அடங்கவில்லை.

இரண்டு சிக்னல்காரர்களையும் எடின்பரோ ஹைகோர்ட்டில் விசாரித்து, ஜூரிகள் எட்டு நிமிஷத்தில் குற்றவாளிகள் என்றனர். டின்ஸ்லிக்கு மூன்று வருஷம், மீக்கினுக்குப் பதினெட்டு மாதம் தண்டனை. 1916 டிசம்பரில் இருவரும் விடுதலையாயினர். மறதி அவர்களுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மரப்பெட்டியையும் வாயுத் தொட்டியையும் பட்டாளத்தாருக்கு ஒதுக்கியவர்கள் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. ஏழைக் கூலிக்காரன் கையிலிருந்த கைப்பிடியோடு விசாரணையை முடித்துக்கொள்வது எல்லாத் தேசத்துச் சர்க்காருக்கும் சௌகரியமாகவே இருந்து வந்திருக்கிறது.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். அந்த ரயிலில் யார் யார் ஏறினர் என்ற பெயர் ஜாபிதா அதே ரயிலில் சென்றது. தீயில் அதுவும் எரிந்தது. மாலை நாலு மணிக்கு ஹாஜர் எடுத்தபோது வரிசையில் நின்றவர்கள் 58 சிப்பாய்களும் 7 அதிகாரிகளுமே. மற்றவர்களில் எவர் ஆஸ்பத்திரியில், எவர் சாம்பலில் என்று சொல்லத் தாள் இல்லை. அடையாளம் கண்ட உடல்கள் 83. கிடைத்தும் அடையாளம் காண முடியாதவை 82. சுவடே இன்றிப் போனவர்கள் 50. ஆக 215. வேறு கணக்குகளில் இத்தொகை ஒன்றிரண்டு கூடும், குறையும். சிப்பாய்கள் அல்லாத பிரயாணிகளையும் சேர்த்தால் மாண்டவர் 220க்கு மேல். சரியான எண்ணிக்கை இன்றளவும் நிச்சயப்படவில்லை. எரிந்த உடல்களில் நாலு குழந்தைகளுடையவை என்று கருதப்பட்டன. உரிமை கோரி எவரும் வராமையால் அவற்றைக் கிளாஸ்கோவில் அடக்கம் செய்தனர். அவ்விடத்தில் நினைவுக்கல் வைத்தது 2011ல்தான்.

பிழைத்து நின்ற சிப்பாய்களை லிவர்பூல் வரை கொண்டுசென்று, பிறகு ஊருக்குத் திருப்பினர். கந்தலும் கரியுமாகத் தெருவில் நடந்த அவர்களை ஜெர்மானியக் கைதிகள் என்று நினைத்து லிவர்பூல் சிறுவர்கள் கல்லால் அடித்தார்கள். மாண்டவர்களின் பெட்டிகள் லீத் நகரத்து டால்மெனி வீதிக் கவாத்துக் கூடத்தில் வைக்கப்பட்டன; அங்கிருந்து ரோஸ்பாங்க் மயானத்துக்குக் கொண்டுபோய், ஒரே பெருங்குழியில், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கில் வைத்தனர். எந்தத் தாய் எந்தப் பெட்டிக்கு அழுதாளோ, நாம் அறியோம்.

இது முதல் நெருப்பு. இரண்டாவது நெருப்பு இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு மூண்டது.

முதல் யுத்தத்தில் சேவித்த சாதாரணச் சிப்பாய்கள் அனைவரின் தனிக் கோவைகளையும் யுத்த இலாகா லண்டனின் தென்பகுதியான வால்வொர்த்தில், ஆர்ன்சைடு வீதியிலுள்ள ஒரு கிடங்கில் அடுக்கி வைத்திருந்தது. பட்டாளத்தில் சேர்ந்த நாள், வயது, உயரம், மார்பளவு, மதம், மனைவி மக்களின் பெயர், பெற்ற தண்டனை, பட்ட காயம் எல்லாம் அதில் அடக்கம். 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய தீக்குண்டுகளால் அக்கிடங்கு பற்றிற்று. ஐந்து பங்கில் மூன்று பங்குக் கோவைகள் சாம்பலாயின. மிஞ்சியவற்றில் பல ஓரம் கருகியும், அணைக்க வீசிய தண்ணீரில் ஊறியும் போயின. தொட்டால் உதிரும் நிலையிலிருந்த அத்தாள்களை 1996 முதல் நுண்படச் சுருள்களாக எடுத்தார்கள். கியூ என்னுமிடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றுக்கு இன்றும் ‘எரிந்த தஸ்தாவேஜுகள்’ என்றே பெயர்.

ஆகவே லீத் நகரத்துக் குடும்பமொன்று தன் கொள்ளுப்பாட்டனைத் தேடப் புகுந்தால், ரயிலில் ஒரு முறையும் லண்டனில் ஒரு முறையுமாக அவன் பெயர் இரண்டு முறை எரிந்திருக்கக்கூடும். இனித் தேடுவதில் பயன் உண்டா?

நாம் வக்கீல் தொழில் பார்த்தவர்கள். கரையான் அரித்த பத்திரத்தையும், வெள்ளத்தில் போன தானசாசனத்தையும் வைத்து எத்தனை வழக்குகள் நடந்திருக்கின்றன! அஸல் அழிந்தது என்று மெய்ப்பித்தால் அதன் உள்ளடக்கத்தை வேறு சாட்சியத்தால் நிலைநாட்டலாம் என்பது 1872ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 65வது பிரிவு. 2024 ஜூலை முதல் தேதியன்று அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்தபோதும் இவ்விதி மாறவில்லை. அஸல் போனால் வழக்குப் போயிற்று என்று கைகழுவுகிறவன் நல்ல வக்கீல் அல்லன். அஸலை எழுதிய கை வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கும் என்று கேட்பவனே வக்கீல்.

சர்க்கார் ஒரு மனிதனை ஒரே இடத்தில் எழுதி நிறுத்துவதில்லை. சோறு போட ஒரு தாள்; துணி கொடுக்க ஒரு தாள்; சம்பளம் கொடுக்க ஒன்று; செத்தால் கணக்குத் தீர்க்க ஒன்று. இவை வெவ்வேறு குமாஸ்தாக்களால், வெவ்வேறு கட்டிடங்களில் எழுதப்பட்டவை. எல்லாக் கட்டிடங்களின் மீதும் குண்டு விழவில்லை.

முதலில் வீட்டுச் சுவரில் தொங்கும் படம். ஸ்காட்லாந்துச் சிப்பாய் என்றால் எல்லாரும் முழங்கால் வரையுள்ள கட்டம் போட்ட கில்ட் உடுத்தவர்கள் என்று அந்நாட்டவரிலேயே பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ராயல் ஸ்காட்ஸ் தாழ்நிலத்து ரெஜிமெண்டு. அவர்கள் உடுத்தது கால்சட்டையே. அதிலும் 9வது பட்டாலியன் மட்டும் விலக்காகக் கில்ட் உடுத்திற்று. படத்தில் இருப்பவர் கில்ட் உடுத்தியிருந்தால், தாத்தா ராயல் ஸ்காட்ஸில் 7வது பட்டாலியன் என்ற குடும்பக் கதையைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும். தோள்பட்டைப் பித்தளையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் டெரிடோரியல் என்பதற்கான எழுத்தும், பட்டாலியன் எண்ணும், ரெஜிமெண்டின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். குடும்பக் கதைக்குக் காது உண்டு. பித்தளைக்கு எழுத்து உண்டு. நாம் பித்தளையை நம்புவோம்.

அடுத்தது எண். பாட்டன் பெயரே பேரனுக்கு வரும் நாட்டில் ஒரே பெயரில் ஒரே தெருவில் நாலு பேர் இருப்பார்கள். ஆகவே பெயரைவிட எண்ணே சாட்சி. இங்கும் ஒரு சிக்கல் உண்டு. டெரிடோரியல் பட்டாலியன்கள் தத்தமக்குத் தனி வரிசையில் எண் கொடுத்து வந்தமையால், ஒரே எண் பல பட்டாலியன்களில் வந்தது. 1917ன் தொடக்கத்தில் டெரிடோரியல்கள் எல்லாருக்கும் புதிய எண்கள் கொடுத்தார்கள். காலாட்படையாருக்கு அவை ஆறு இலக்கம். 1915ல் மாண்டவனுக்குப் பழைய சிற்றெண் ஒன்றே. 1917ஐத் தாண்டியவனுக்கு இரண்டு எண்கள். இரண்டையும் ஒருவரே என்று பொருத்தத் தெரியாமல் ஒரு மனிதனை இருவராக்கி அழுத குடும்பங்கள் உண்டு.

எண் கிடைத்தால் பதக்க அட்டையைப் பார்க்கலாம். யார் யாருக்கு எந்தப் பதக்கம் உரியது என்று எழுதிய அவ்வட்டைகள் வால்வொர்த் தீயிலிருந்து தப்பியவை. பெயர், எண், படை, முதன்முதலில் எந்தப் போர்க்களத்தில் எந்தத் தேதியில் கால்வைத்தார் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். ஆனால் குயின்டின்ஸ்ஹில்லில் மாண்டவனை இங்கே தேடுகிறவர் ஏமாறுவார். 1914–15 நட்சத்திரமும் வெற்றிப் பதக்கமும் போர்க்களத்தில் கால்வைத்தவர்களுக்கே என்பது விதி. யுத்தத்துக்கென்று புறப்பட்டு, சொந்த நாட்டுத் தண்டவாளத்தில் வெந்தவன் போர்க்களத்தை எட்டவில்லை. விதி எழுதியவரின் மேஜையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அவனைக் காணுமிடம் வேறு. மாண்ட சிப்பாய்களின் பாக்கிச் சம்பளமும், பிற்பாடு அவர்கள் சேவித்த மாதங்களைக் கணக்கிட்டுக் கொடுத்த யுத்த வெகுமதியும் யாருக்குப் போயிற்று என்ற பேரேடுகள் லண்டன் தேசிய ராணுவ மியூசியத்தில் உள்ளன. இன்ன தாய்க்கு, இன்ன விதவைக்கு, இத்தனை பவுன், இத்தனை ஷில்லிங், இத்தனை பென்ஸ் என்று அதில் கண்டிருக்கும். வெகுமதித் தொகையைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் அவன் எந்த மாதத்தில் சேர்ந்தான் என்பதும் உத்தேசமாகத் தெரியவரும். சிப்பாயின் சம்பளப் புத்தகத்தில் உயில் எழுத ஒரு பக்கம் உண்டு. தன் உடைமை முழுவதும் தாய்க்கு என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போனவர்கள் பலர். முதல் யுத்தத்தில் அவ்வாறு எழுதப்பட்டவற்றில் சுமார் 26,000 உயில்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கப்பலும் வீடும் கொண்டவன் எழுதும் உயிலையே நாம் கச்சேரியில் கண்டிருக்கிறோம். கடிகாரமும் இரண்டு சட்டையும் தவிர ஒன்றுமில்லாத இருபது வயதுப் பையனின் உயில் வேறு ஜாதி.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, விவாகம் மூன்றும் 1855 முதல் கட்டாயப் பதிவு. ஆகவே குடும்பத்தின் இருப்பைப் பற்றிச் சந்தேகமில்லை. யுத்த காலத்துப் பத்திரிகைகள் மற்றொரு சாட்சி. மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் பட்டியல்களைப் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக அவை அச்சிட்டன. அந்தப் பத்திகளை அச்சுக் கோத்தவன் தன் தம்பியின் பெயரையும் கோத்திருப்பான்.

சர்க்கார் இத்தாள்களையெல்லாம் கண்ணும் கருத்துமாகக் காத்தது என்று எண்ணிவிட வேண்டாம். மாண்டவர்களின் குடும்பத்தாரும் ஊனமுற்றவர்களும் பென்ஷன் கேட்ட அட்டைகள் அறுபது லட்சத்துக்கு மேல் பிரிட்டிஷ் பாதுகாப்பு இலாகாவிடம் கிடந்தன. இடநெருக்கடி என்று அவற்றை அழித்துவிட ஏற்பாடாயிற்று. 2012ல் ‘வெஸ்டர்ன் பிரண்ட் அசோசியேஷன்’ என்னும் சரித்திர ஆர்வலர் சங்கம் அவற்றைக் கேட்டு வாங்கிக் காப்பாற்றிற்று. குண்டு எரித்ததில் மிஞ்சியது குப்பை வண்டிக்குப் போக இருந்தது! இன்று லீத் நகரத்துப் பேரன் ஒருவன் தன் கொள்ளுப்பாட்டியின் விலாசத்தையும், அவள் பெற்ற பிள்ளைகளின் பிறந்த நாட்களையும் அவ்வட்டையில் படிக்கிறான் என்றால், அதற்காக அவன் நன்றி சொல்லவேண்டியது சர்க்காருக்கு அன்று.

அந்த ரயிலில் போகாத மற்றப் பாதிப் பட்டாலியன் கலிபோலி சேர்ந்தது. 1915 ஜூன் 28ந் தேதி கல்லி ரவைன் என்னும் பள்ளத்தாக்கருகே அவர்களுடைய 156வது பிரிகேடு தாக்குதலில் இறங்கிப் பெருஞ்சேதம் அடைந்தது. ஆறு வாரத்துக்குள் அவ்வூருக்கு இது இரண்டாவது இடி. பிறகு எகிப்து, பாலஸ்தீனம், 1918ல் பிரான்ஸ் என்று பட்டாலியன் சென்ற வழியை அதன் யுத்த தினக்குறிப்பைக் கொண்டு நாள் நாளாகப் பின்தொடரலாம். அவற்றைப் படிப்பவர் ஒன்றைக் கவனிப்பார். அதிகாரி மாண்டால் தினக்குறிப்பு அவர் பெயரை எழுதும். சிப்பாய்கள் மாண்டால் ‘மற்ற அந்தஸ்தினர் இத்தனை பேர்’ என்று எண்ணை மட்டும் எழுதும். கொள்ளுப்பாட்டன் மாண்ட தினத்தின் ஏட்டை ஆவலோடு திறக்கும் பேரன் அங்கே காண்பது ஒரு இலக்கத்தை. அந்த இலக்கத்துக்குள் எங்கேயோ அவன் இருக்கிறான்.

அந்த ஜூன் 28ல் அதே பள்ளத்தாக்கில் இந்தியப் படையின் 29வது பிரிகேடும் போரிட்டது. லீத் நகரத்துத் தச்சனும் நம் தேசத்துச் சிப்பாயும் ஒரே நாளில், ஒரே துருக்கித் துப்பாக்கி வரிசைக்கு முன் நின்றார்கள். இவ்விடத்தில்தான், இதில் நமக்கென்ன அக்கறை என்று முதலில் கேட்டவர்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மாண்டவர்களைக் கௌரவிக்க 1917ல் சாம்ராஜ்ய யுத்தக் கல்லறைக் கமிஷன் ஏற்பட்டது. அந்தஸ்து, இனம், மதம் என்ற வேற்றுமை பாராமல் ஒவ்வொருவரையும் பெயரால் நினைவுகூர்வது என்பது அது உலகுக்கு அறிவித்த கொள்கை. ரோஸ்பாங்க் மயானத்தில் லீத் நகரத்துச் சிப்பாய்களின் பெயர்கள் அதற்கு முன்பே, 1916ல், வெண்கலத் தகடுகளில் ஏறிவிட்டன. முன்னாள் பிரதம மந்திரியான ரோஸ்பெரி பிரபு திறந்துவைத்தார். உடல் அடையாளம் தெரியாமற் போனவனுக்கும், உடலே கிடைக்காதவனுக்கும் அங்கே பெயர் இருக்கிறது. எரிந்துபோன ஜாபிதாவை அவ்வூரார் தெருத் தெருவாய், வீடு வீடாய் விசாரித்துத் திரும்ப எழுதிவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

மெசபொடேமியாவில் மாண்டவர்களுக்காக 1929ல் திறக்கப்பட்ட பாஸ்ரா ஞாபகச் சின்னத்துக்கு வருவோம். நம் சென்னை சாப்பர்ஸ் பட்டாளத்தார் ஆற்றுக்குப் பாலம் கட்டியும் அகழ் வெட்டியும் உயிரைக் கொடுத்த போர்க்களம் அது. பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் அங்கே பெயர் பொறித்தனர். இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தனர். 33,000க்கு மேற்பட்ட இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கோ, இன்ன படைப்பிரிவு, இத்தனை பேர் என்று எண்ணைப் பொறித்து நிறுத்தினர். இங்கே தீ எதையும் எரிக்கவில்லை. குண்டு விழவில்லை. தாள் இருந்தது, பெயரும் இருந்தது, கல்லில் வெட்டுவதற்கு மனம் இல்லை. இதை நாம் பகைமையால் சொல்லவில்லை. அதே கமிஷன் நியமித்த குழு 2021ல் வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொண்டிருக்கிறது: 45,000 முதல் 54,000 வரையிலான இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர்; குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை.

யுத்தம் முடிந்தபின் நம் தேசத்துக் கிராமங்கள் பலவற்றில் சர்க்கார் ஒரு கல் பதித்தது. தமிழ் ஜில்லாக்களிலும் சில ஊர்களில் அது இருக்கிறது. இக்கிராமத்திலிருந்து மகாயுத்தத்துக்குச் சென்றவர் இத்தனை பேர், அவர்களில் உயிர் துறந்தவர் இத்தனை பேர் என்பதே அதன் வாசகம். சென்றவன் எந்த வீட்டான் என்று அக்கல் சொல்லாது. லீத் நகரத்துப் பேரன் தகட்டில் விரல் வைத்துத் தன் பெயரைத் தானே படிக்கிறான். நம் ஊர்ப் பெயரனுக்கு வாசித்துப் பார்க்க ஓர் இலக்கம்.

ஆனால் அஸல் போனால் நகல் உண்டு என்று மேலே சொன்னோம் அல்லவா? பஞ்சாபில் ஊர் ஊராக, வீடு வீடாக எழுதிய சுமார் 3,20,000 சிப்பாய்களின் பதிவேடுகள் லாகூர் மியூசியத்தில் ஒரு நூற்றாண்டு கிடந்து, 2021ல் வெளிச்சத்துக்கு வரத் தொடங்கின. எழுதிய கை எங்கும் எழுதியே இருக்கிறது.

நம் நேயர்களின் வீடுகளிலும் தேடலாம். அக்காலத்துப் பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் கொடுக்கப்பட்டது. சுமை தூக்கவும் சாலை போடவும் போன இந்தியத் தொழிற்படையாருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் வந்தது. அதிலும் தரம் பார்த்தார்கள்! ஆயினும் கல்லில் வெட்டாத பெயரை உலோகத்தில் வெட்டினார்கள். பாட்டனார் பெட்டியில் கறுத்துப்போன வட்டமான வில்லை ஒன்று கிடந்தால், தட்டான் கடைத் தராசில் வைப்பதற்கு முன் அதன் விளிம்பைச் சாம்பலிட்டுத் துடைத்து, சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண், பதவி, பெயர், படை நான்கும் சிறிய எழுத்துக்களில் அங்கே சுற்றி வரும். அதை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தெழுதி, ஊர்ப் பெயரோடு நமக்கு அனுப்பினால், வாரத்துக்கு ஒரு நாள் இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.